நீர்த்தோட்டச் சம்பிரதாயங்களும் நம்மூர் நீரும்

கண்ணாடித் தொட்டியொன்றில் மண்ணும் மணலும் பரப்பி, நீர்த்தாவரங்களை நட்டு, ஒன்றையொன்று துன்புறுத்தாத சாதுவான சிறு மீன்களை அவற்றினிடையே உலவவிடும் கலைக்கு வயது நூற்றெழுபதுக்குச் சற்று மேற்பட்டதே ஆயினும், அதற்குள்ளாகவே அது பல சம்பிரதாயங்களாகக் கிளைத்து, ஒவ்வொன்றும் தனக்கென லட்சணங்களை வகுத்துக்கொண்டு, பரீட்சகர்களையும் பரிசுகளையும்கூடச் சம்பாதித்துவிட்டது. நிலாவெளிக்கும் குச்சவெளிக்கும் இடையே, கடலும் களப்பும் கலக்குமிடத்தில் அமைந்த இறக்கக்கண்டியில் இருந்துகொண்டு இக்கலையைப் பயில விரும்பும் ஒருவருக்கு, அந்த லட்சணங்களுள் எவை செல்லும், எவை செல்லா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆதி புருஷர் என்று ஒருவரைச் சொல்வதானால், லண்டன் ரசாயன அறிஞர் ராபர்ட் வாரிங்டனைச் சொல்லலாம். தங்கமீன் இரண்டையும் வலிஸ்நேரியா என்னும் நாடாப்பாசியையும் ஒரே தொட்டியில் இட்ட அவர், அழுகிய இலைகளால் நீர் கலங்கக் கண்டு, குளத்து நத்தைகளைக் கொணர்ந்து விட்டார். நத்தைகள் அழுகலைத் தின்றன, நீர் தெளிந்தது. தாவரம் பிராணவாயுவைத் தர, மீனின் கழிவு தாவரத்துக்கு உரமாக, நத்தை எச்சத்தைத் துப்புரவு செய்ய, மூன்றும் சமநிலையில் வாழக்கூடும் என்று அவர் 1850இல் வெளியிட்ட முடிவே பின்வந்த சம்பிரதாயங்கள் அனைத்துக்கும் அடிப்படை.

அவற்றுள் மூத்தது டச்சுச் சம்பிரதாயம். கல்லுக்கும் கட்டைக்கும் அதில் அதிக இடமில்லை; தாவரமே சகலமும். உயரத்தாலும் நிறத்தாலும் இலையின் வடிவத்தாலும் வேறுபட்ட செடிக்கூட்டங்கள் அடுத்தடுத்து நிற்கவேண்டும். முன்னிருந்து பின்னோக்கிச் சரிந்தேறும் ஒரே ஜாதிச் செடிவரிசைக்கு லைடன் நகரத்தின் பெயரால் ‘லைடன் வீதி’ என்று நாமம் உண்டு. பரீட்சகர்கள் உறுப்பினரின் வீட்டுக்கே வந்து, செடியின் அமைப்பையும் மீனின் ஆரோக்கியத்தையும் நீரின் தன்மையையும் சோதித்துப் புள்ளியிடுவார்கள். படத்தைப் பார்த்துப் பரிசளிக்கும் தற்காலப் போட்டிகளைவிட இம்முறை நேர்மையானதென்பது என் அபிப்பிராயம்; படத்தில் மீன் மூச்சுத் திணறுவது தெரியாதல்லவா?

ஜப்பானியச் சம்பிரதாயத்தை நிறுவியவர் தகாஷி அமானோ (1954–2015). நீகாத்தாவில் பிறந்து, சைக்கிள் பந்தயவீரராகவும் புகைப்படக் கலைஞராகவும் விளங்கிய அவர், மலையையும் புல்வெளியையும் நீருக்குள் நினைவூட்டும் முறையை வகுத்தார். ஒற்றைப்படை எண்ணிக்கையிலான கற்களுள் ஒன்றைத் தலைமைக் கல்லாக நிறுத்தும் ‘இவாகுமி’ இம்மரபின் உட்பிரிவு. அதன் அழகை மறுப்பார் இலர். ஆனால் அது வலிய விளக்கொளியையும், உருளையிலிருந்து ஓயாது செலுத்தும் கரியமிலவாயுவையும் வேண்டுவது. கச்சான் வீசும் மாதங்களில் இக்கரையில் தொட்டிநீர் 30 பாகையைத் தாண்டிவிடுகிறது. சூடேறிய நீரில் பிராணவாயு குறைவாகவே கரையும். இரவிலோ செடிகளும் அதையே சுவாசிக்கின்றன. அதன்மேல் கரியமிலவாயுவையும் செலுத்தினால், விடியற்காலையில் மீன்கள் நீர்மட்டத்தில் வாய்பிளந்து நிற்கும். அமெரிக்கரான டயானா வால்ஸ்டட் 1999இல் நூலாக வெளியிட்ட முறை, தோட்டமண்ணின்மேல் மணலை மூடி, உருளையின்றியே செடி வளர்ப்பது. சிக்கனத்தாலும் சுபாவத்தாலும் நமக்கு ஏற்றது இதுவே.

இந்தச் சம்பிரதாயங்கள் யாவும் நாடிச் செல்லும் செடிகளுள் ஒன்றான கிரிப்டோகொரைன் நமது தீவின் நிழலோடைகளுக்கு உரியது. அதன் இலங்கை இனங்கள் சில, பேராதனைப் பூங்காவின் தலைவர்களாயிருந்த துவெய்ட்ஸ், வில்லிஸ் ஆகியோரின் பெயர்களைத் தாங்கி நிற்கின்றன. நட்ட சில நாட்களில் இதன் இலைகள் கண்ணாடிபோல் வெளிறி, தொட்டால் வழுவழுவென்று கையோடு வந்துவிடும். புதியவர் செடி செத்ததென்று பிடுங்கி எறிவர். அடியிலுள்ள தண்டு கடினமாயிருந்தால் அதை அப்படியே விட்டுவைக்கவேண்டும். சில வாரங்களில் சுருண்ட செம்பழுப்பு இலையொன்று மணலைப் பிளந்துகொண்டு வரும். கொட்டியின் கதையும் இதுவே. கோடையில் குளம் வற்றும்போது அது கிழங்காய்ச் சேற்றுக்குள் ஒடுங்கி, மாரியில் தளிர்ப்பதை நம் முன்னோர் அறிவார்கள். அந்தக் கிழங்கை அகழ்ந்து உண்டவர்கள் அல்லவா? வெளிநாட்டார் போற்றும் அப்போனொஜெட்டன் கிறிஸ்பஸ் அக்கொட்டியின் குலத்ததே.

டச்சுப் பரீட்சகரோ தொட்டியில் வெறுமையான இடம் கண்டால் புள்ளியைக் குறைப்பார். வருஷம் முழுவதும் ஒரே பசுமை என்பது அவர்களுடைய லட்சணம். மாரியும் கோடையும் மாறிவரும் உலர் வலயத்துச் செடிகளுக்கு ஓய்வும் ஒரு பருவம். அந்த ஓய்வைக் குறையென்று எண்ணாத தொட்டியே இவ்வூரில் உத்தமமானதென்று நான் கொள்வேன்.

நீரைப் பற்றி ஒரு வார்த்தை. கடற்கரை மணலில் சிப்பித்துகள் கலந்திருக்கும். சிறிது வினாகிரி தெளித்து நுரைத்தால் அது சுண்ணாம்பு, தொட்டிக்கு ஆகாது. கிணற்றுநீர் கோடையில் உவர்க்குமாதலால் மாரிநீரைச் சேமித்துக் கலப்பது நன்று. நீர் நிரப்பிய அன்றே மீன் விடுவது பாபம்: மீன்கழிவிலிருந்து எழும் அமோனியாவை முதலில் நைத்திரைற்றாகவும் பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும்.

மீன்களில் முதலிடம் செரி பார்புக்கு. 1929இல் பி. இ. பி. தெரணியகல விவரித்த, ஐந்து சதமமீற்றருக்கு மேற்படாத இம்மீனின் ஆண், அடர்ந்த செடிநிழலில் செக்கச்செவேலென்று சிவக்கும்; வெட்டவெளித் தொட்டியில் வெளிறிப்போகும். இரண்டடி நீளத் தொட்டிக்கு ஆறெட்டு போதும். காட்டோடையில் பிடித்தவற்றை விடுத்து, பண்ணையில் வளர்த்தவற்றையே வாங்கவேண்டும். சற்றே உவரேறிய நீரையும் பொறுக்கவல்ல குறுமீன் வேண்டுவோர் சூடோஸ்ஃப்ரோமெனஸ் குபானஸைத் தேடலாம். புதுச்சேரியை அடுத்த அரியாங்குப்பம் ஆற்று மீனைக்கொண்டு 1831இல் விவரிக்கப்பட்ட இது, மிதக்கும் இலையடியில் குமிழ்க்கூடு கட்டி முட்டையைக் காக்கும்.

கத்தரித்த செடியை வாய்க்காலிலோ குளத்திலோ கொட்டுவது எச்சம்பிரதாயத்துக்கும் உடன்பாடன்று. நமது ஓடைகளுக்கே உரிய கிரிப்டோகொரைன் பெக்கெட்டியை, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துச் சான் மார்க்கோஸ் ஆற்றில் யாரோ விட்டதனால், அவ்வாற்றையன்றி வேறெங்கும் வளராத காட்டரிசிப் புல்லை அது நெருக்கத் தலைப்பட, அதிகாரிகள் ஆற்றடியைத் தோண்டி அதை வேரோடு அகற்றவேண்டியதாயிற்று.