வனமா, சுல்தானின் நாடா?

உமர் கையாம் என்றதும் நம் பெரியவர்களுள் பலர் முகம் சுளிப்பர். மதுவைப் பாடியவர், மறுமையை எள்ளியவர் என்பது அவர்மீது நெடுங்காலமாக உள்ள வழக்கு. இளைஞர் சிலரோ, நாளை இல்லை, இன்றே இன்புறுவோம் என்பதற்கு அவரையே சாட்சிக்கு அழைக்கின்றனர். இரு சாராரும் காட்டும் சான்று பெரும்பாலும் ஒரே பாட்டு என்பதுதான் வேடிக்கை. மதுவும் கவிதை நூலும் துணைக்கு ஒருத்தியும் இருந்தால் இவ்வனமே சொர்க்கம் என்னும் பொருளுடைய பாட்டு அது.

அதனைத் தமிழில் தந்தவர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை (1876–1954). அவர் கையில் அந்நூல் கம்பன் கவியாயிற்று. தென்றலும் வந்து சேர்ந்தது. ஓசையினிமையில் அதற்கு ஈடான மொழிபெயர்ப்புகள் தமிழில் மிகச் சிலவே. ஆயினும் கவிமணி பெயர்த்தது பாரசீகத்தை அன்று. எட்வர்ட் பிட்ஜெரால்டின் ஆங்கிலத்தை. அந்த ஆங்கில நூலின் முதற்பதிப்பு 1859இல் மொழிபெயர்ப்பாளர் பெயரின்றியே வெளிவந்தது.

பிட்ஜெரால்டு இரண்டு ருபாயிகளை உருக்கி ஒன்றாக வார்த்தார். ஒன்றில் கோதுமை ரொட்டி, மது, ஆட்டுத்தொடை ஆகியவை உள்ளன. மற்றொன்றில் மதுவோடு ஒரு கவிதைத் திவானும் அரை ரொட்டியும் உள்ளன. ஆட்டுத்தொடை கவிதைக்கு ஒவ்வாதென ஆங்கிலக் கவிஞருக்குத் தோன்றியது போலும், அதை விட்டுவிட்டார். அது பெரிய இழப்பன்று. முடிவில் அவர் செய்த மாற்றமே பெரிது. பாரசீகத்தில் இரண்டு பாடல்களும் நிகழ்வது பூங்காவில் அன்று, பாழிடத்தில். அங்கு அமர்ந்திருப்பது எந்தச் சுல்தானுக்கும் எளிதில் வாய்க்காத இன்பம் என்கிறது ஒன்று. சுல்தானின் ஆட்சியினும் மேலானது என்கிறது மற்றது. சொர்க்கம் என்ற பேச்சே இரண்டிலும் இல்லை. சுல்தானை இறக்கிவிட்டுச் சொர்க்கத்தை ஏற்றியவர் பிட்ஜெரால்டு. கவிமணி அவ்வழியே சென்றார்.

ஒரு சொல் மாறியதில் என்ன வந்துவிடப் போகிறது என வாசகர் கேட்கலாம். கையாம் (1048–1131) சுல்தான்களை ஏட்டில் மட்டும் கண்டவர் அல்லர். ஸல்ஜூக் சுல்தான் மலிக்ஷாவின் அழைப்பில் 1074இல் இஸ்பஹான் சென்று வானாய்வு நடத்தியவர். அங்கே அறிஞர் குழுவொடு அவர் வகுத்த ஜலாலி நாட்காட்டி 1079இல் நடைமுறைக்கு வந்தது. 1092இல் அமைச்சர் நிஜாமுல் முல்க் கொலையுண்டார். சில வாரங்களில் சுல்தானும் மாண்டார். ஆய்வுக்கூடம் ஆதரவிழந்தது. ஆண்டின் நீளத்தை நுணுகிக் கணக்கிட்டவரின் கண்முன்னே அந்த அரசின் செழுமை ஒரு பருவத்துக்குள் சரிந்தது. அத்தகையவர் பெயரால் வழங்கும் பாட்டு, அரை ரொட்டியோடு கிட்டும் ஒரு பொழுதை ஆட்சியினும் உயர்த்துகிறது. அங்கே பேசப்படுவது அதிகாரத்தின் நிலையாமை. மறுமை மறுப்பு அன்று.

கணத்தை மதிக்கும் இப்பார்வை குடிகாரர்க்கே உரியது என எண்ணுவதும் பிழை. கையாமின் நிசாப்பூரிலேயே வாழ்ந்து 1072இல் மறைந்தவர் இமாம் குஷைரி. அவருடைய 'ரிஸாலா' ஸூஃபியை வக்தின் மைந்தன் எனக் குறிக்கும் வழக்கை விளக்குகிறது. சென்றதிலும் வருவதிலும் மனத்தைச் சிதறவிடாமல், இப்பொழுது தன்னிடம் வேண்டுவதைச் செய்பவனே அவன். கையாமை ஸூஃபியாக்குவது நம் நோக்கமன்று. அதற்குப் போதிய சான்றில்லை. ஆனால் கணத்தைப் பற்றிய பேச்சு அவ்வூர்க் காற்றிலேயே இருந்தது.

மற்றொன்றையும் மறைக்கலாகாது. ரொக்கம், கடன் என வணிகர் மொழியில் சுவர்க்கத்தைக் குத்திப் பேசும் ருபாயி பாரசீகத்திலேயே உண்டு. அதன் பழியைப் பிட்ஜெரால்டு தலையில் கட்ட முடியாது. ஆனால் அது கையாமுடையதா என்பது ஐயம். பிட்ஜெரால்டு முதன்மையாகக் கொண்ட ஆக்ஸ்போர்டு ஏடு ஹிஜ்ரி 865இல் (1460–61) எழுதப்பட்டது. கையாம் மறைந்து முந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் ஆன பின்னர்! இடையே எவர் பாட்டெல்லாம் அவர் பெயரில் சேர்ந்தன என்பதில் அறிஞர் இன்னும் ஒன்றுபடவில்லை. நாம் மேலே காட்டிய இரண்டு பாடல்களுக்கும் இந்த ஐயம் பொருந்தும்.

அவரை நேரிற் கண்ட நிஜாமி அரூஸி எழுதிவைத்த செய்தி இதனினும் பழையது. மரங்கள் பூச்சொரியும் இடத்தில் தம் கப்ரு அமையும் என்று கையாம் பல்கு நகரில் கூறினாராம். பல ஆண்டுகளுக்குப்பின் நிசாப்பூர் சென்ற அரூஸி, தோட்டச் சுவரோரம் பேரி மரங்களின் பூக்கள் மூடிக் கிடந்த அக்கப்ரைக் கண்டு அழுதார். அவர் அழுதது நாத்திகன் ஒருவனுக்காக என்று அவ்வெழுத்தில் எங்கும் இல்லை. உலகில் ஈடற்றவராகத் தாம் மதித்த ஆசானுக்காக.

கவிமணியின் பாட்டை இனியும் பாடுவோம். கவிமணியின் பாட்டாகவே பாடுவோம். கையாம்மீது தொடுத்த வழக்கில் மட்டும் அது சான்றாகாது.