எதிரொலியும் சொல்லும்: இசையரங்கில் 'எக்கோ'வின் பயன்பாடு பற்றி ஒரு நோக்கு

இசையரங்கு பற்றிய எமது விமர்சனங்கள் பெரும்பாலும் பாடகரின் குரல்வளம், இராகஞானம், பாடற்றெரிவு என்பவற்றோடு நின்றுவிடுகின்றன. பாடகரின் தொண்டைக்கும் கேட்போரின் செவிக்கும் இடையே இன்று நிற்கும் கருவிகள் விமர்சனத்துக்கு உரியனவாகக் கொள்ளப்படுவதில்லை. அவற்றுள் ஒன்றாகிய 'எக்கோ'வினை எவ்விடத்தில் இயக்குவது, எவ்விடத்தில் நிறுத்துவது என்பது மொழியோடும் மக்களோடும் தொடர்புடைய பிரச்சினை என்பதே ஈண்டு நாம் வற்புறுத்த விரும்புவது.

உரும்பிராயில் ஒரு கோயிற்றிருவிழா இரவில் நாம் கண்டதைக் குறிப்பிடலாம். இசைக்குழுவினர் ஒரு பாடலை முடித்ததும், காணாமற்போன சிறுமி ஒருத்தி பற்றிய அறிவித்தல் அதே மைக்கில் வாசிக்கப்பட்டது. பாடலுக்கென இயக்கப்பட்ட எக்கோ நிறுத்தப்படவில்லை. பெயரும் சட்டையின் நிறமும் ஒன்றன்மேலொன்று விழுந்து புரண்டன. மூன்று முறை வாசித்தும் வெளிவீதியில் நின்ற எமக்குப் பெயர் விளங்கவில்லை. ஒருவர் எழுந்து சென்று கருவியை இயக்குபவரிடம் சொன்ன பின்னரே, நான்காம் முறை, பெயர் தெளிந்தது. கச்சான் கடையடியில் நின்ற சிறுமியை அதன் பின்னரே அழைத்துவந்தனர்.

எக்கோவினை மக்கள் விரும்புவதற்குக் காரணம் உண்டு. உரும்பிராய் போன்ற செம்மண் தோட்டவெளிக் கிராமங்களில், திறந்த வீதியில் எழும் குரலைத் திருப்பி அனுப்பச் சுவர்கள் குறைவு. குரல் வறண்டு ஒலிக்கும். பாடகருக்கும் களைப்பு மிகும். இக்குறையைக் கருவி நிரப்புகின்றது. ரோலண்ட் நிறுவனம் 1974இல் வெளியிட்ட 'ஸ்பேஸ் எக்கோ' போன்ற கருவிகளில், காந்த நாடாவிற் பதியும் குரல் சற்றுப் பிந்தி மீண்டும் வாசிக்கப்பட்டது. இன்று அதே வேலையை இலக்கமுறைக் கருவிகள் செய்கின்றன. ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 345 மீற்றர் செல்வதால், 0.3 செக்கன் பிந்திவரும் எதிரொலி, ஏறத்தாழ 50 மீற்றர் தூரத்தில் நிற்கும் ஒரு சுவரின் எதிரொலிக்குச் சமமாகும். அதாவது, தோட்டவெளியில் இல்லாத ஒரு சுவரைக் கருவி எழுப்பிவிடுகின்றது.

அச்சுவர் தமிழ்ச் சொல்லை என்ன செய்கின்றது என்பதே முக்கியமான வினா. தமிழில் குறிலும் நெடிலும் பொருளை வேறுபடுத்துவன. 'கல்' வேறு, 'கால்' வேறு. வல்லினம் இரட்டிப்பதும் அவ்வாறே. 'படம்' வேறு, 'பட்டம்' வேறு. 'பட்டம்' என்னும்போது டகரத்துக்காக நா மேலண்ணத்தைத் தடுத்து நிற்கும் கணத்தில் ஒலி இல்லை. அம்மௌனமே இரட்டிப்பைச் செவிக்கு உணர்த்துகின்றது. பலமான எதிரொலி முன்னெழுந்த உயிரொலிகளைக் கொண்டுவந்து அம்மௌனத்தை அடைத்துவிடுகின்றது. எனவே எக்கோவினால் முதலிற் பாதிக்கப்படுவது தமிழெழுத்தின் மாத்திரையே எனலாம்.

இசையில் மாத்திரை மிகுவது இயல்புதானே எனச் சிலர் கேட்கலாம். உயிர் தன் அளவைக் கடந்து ஒலித்தலும் ஒற்று நீண்டிசைத்தலும் இசைக்கு உரியன என்பதைத் தொல்காப்பியரே நூன்மரபின் இறுதியிற் கூறியுள்ளார். ஆயின், பாடகர் எந்த எழுத்தை நீட்ட வேண்டும் என்பதை அறிந்து நீட்டுகின்றார். கருவியோ நீட்ட வேண்டியதையும் வேண்டாததையும், பாட்டையும் பேச்சையும், ஒன்றாகவே கொள்கின்றது. தெரிவு செய்யும் பொறுப்பு மனிதருடையது.

இத்தெரிவு எமது மரபுக்குப் புதியதன்று. நாட்டுக்கூத்தில் கூத்தர் பாடிய அடியைப் பிற்பாட்டுக்காரர் திருப்பிப் பாடுவர். இதனை மனிதர் தரும் எதிரொலி எனலாம். அது அடி முடிந்த பின்னரே எழுவது; ஆதலாற் சொல்லை மறைக்காது, முதன்முறை கேளாதவருக்கும் சேர்ப்பிக்கின்றது. வசனம் வருமிடத்துப் பிற்பாட்டு அடங்கிவிடும். 1960களில் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தினைப் புதிய அரங்குக்குக் கொண்டுவந்தபோதும் பிற்பாட்டின் இவ்வாற்றல் பேணப்பட்டது. களரியில் பிற்பாட்டுக்காரர் அறிந்திருந்த இங்கிதத்தையே மேடையில் கருவியை இயக்குபவரிடம் நாம் எதிர்பார்க்கின்றோம்.

நடைமுறையில் இது கடினமானதன்று. மிக்சரில் குரலின் ஒரு பகுதி தனிவழியாக எக்கோவுக்குச் சென்று மீள்கின்றது. செல்லும் வழியை அடைத்தால், முன்னெழுந்த எதிரொலி இயல்பாகத் தேய்ந்து முடியும். அதன்பின் பேசும் சொல் தெளிவாக வரும். மீளும் வழியை அடைத்தால் எதிரொலி திடீரென அறுபடும். பாட்டின் முடிவுக்கு முன்னது பொருந்தும். நாடகத் திருப்பங்களுக்குப் பின்னது பொருந்தலாம். பாடகர் காலால் மிதித்து இயக்கும் கருவிகளும் உள. ஆனால் மேடையில் நிற்பவருக்கு வீதியில் கேட்பது தெரியாது. ஆகவே இயக்குபவர் மக்கள் நடுவே அமர்வதும், ஒத்திகைக்கு வருவதும், பாடலின் சொற்களை அறிந்திருப்பதும் அவசியமாகின்றன. அவரைக் கூலிக்குப் பெட்டி தூக்குபவராக மட்டும் கருதி, மேடையின் பின்புறத்தில் இருத்திவிட்டு, சொல் தெளியவில்லை எனக் குறைகூறுவதில் நியாயமில்லை. அவரும் கலைஞரே, அவருடைய பெயரும் அறிவிக்கப்படல் வேண்டும்.

இறுதியாக ஒன்று. திரைப்படங்களில் அசரீரிக்கும் தெய்வவாக்குக்கும் எதிரொலி சேர்க்கப்படுவதைக் கேட்டுப் பழகிய செவி எம்முடையது. அதே எதிரொலியில் நன்கொடையாளரின் பெயர்ப்பட்டியலும் தலைவர்களின் உரையும் வரும்போது, மனிதரின் பேச்சு மேலிருந்து இறங்கும் வாக்காகிவிடுகின்றது. வாக்கினை மக்கள் கேட்டுக்கொண்டிருப்பர். பேச்சினுக்கே மறுமொழி கூறுவர். பாட்டுக்கு எதிரொலி இருக்கட்டும். மக்களோடு பேசும்போது அதனை நிறுத்திவிடுதல் வேண்டும்.