எழுத்தாளன் உண்டு, எழுத்தாளள் இல்லை

வகுப்பில் பாமாவின் ‘கருக்கு’ நூலை அறிமுகப்படுத்திக்கொண்டிருந்தேன். “தமிழின் முக்கியமான தலித் பெண் எழுத்தாளர்” என்று தொடங்கினேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: “மேடம், போன வாரம் ஜெயகாந்தனைப் பத்திப் பேசும்போது வெறும் எழுத்தாளர்னுதானே சொன்னீங்க?”

சட்டென்று பதில் வரவில்லை. பாமா எங்கிருந்து எழுதுகிறார் என்பதைச் சொல்ல அந்த அடைமொழிகள் வேண்டும் என்று ஏதோ சமாளித்தேன். ஜெயகாந்தனும் எங்கிருந்தோதான் எழுதினார் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

தமிழில் எழுதுகிறவரைக் குறிக்கச் சொற்களுக்குப் பஞ்சமில்லை. புலவர், பாவலர், கவிஞர், நூலாசிரியர், எழுத்தாளர், படைப்பாளி என்று பட்டியல் நீளும். இவற்றை ஒருமையில் வைத்துப் பாருங்கள். எழுத்தாளன், கவிஞன், புலவன், அறிஞன் எல்லாம் உண்டு. எழுத்தாளளும் கவிஞளும் இல்லை. பெண்பால் சொல்லை ஆக்கும் வழி மொழிக்குத் தெரியாமல் இல்லை. நடிகன் என்றால் நடிகை, பாடகன் என்றால் பாடகி, தலைவன் என்றால் தலைவி. ஆடுகிற, பாடுகிற, நடிக்கிற பெண்ணுக்கு மொழி பெயர் வைத்தது. எழுதுகிற பெண்ணுக்கு ஒருமையில் ஒரு பெயர் வேண்டும் என்ற தேவை எழவில்லை.

விளைவு சிறியதல்ல. ஓர் ஆண் “நான் ஒரு கவிஞன்” என்று நிமிர்ந்து சொல்லலாம். நாம் “நான் கவிஞர்” என்றால் நமக்கு நாமே மரியாதை விகுதி போட்டுக்கொள்வது போல் கூசுகிறது. அதனால் “ஏதோ கவிதை எழுதுவேன்” என்று முடித்துக்கொள்கிறோம். ‘கவிதாயினி’ என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். என் காதுக்கு அதில் கவிதையைவிடத் தாயே பெரிதாகக் கேட்கிறது. வாழ்த்து மேடைக்கு அது பொருந்தும், விமர்சனத்துக்குப் பொருந்தாது.

‘எழுத்தாளன்’ என்ற சொல்லுக்கே ஒரு பழைய கதை உண்டு. சங்கப் புலவர்களில் மதுரை எழுத்தாளன் சேந்தம்பூதனார் என்று ஒருவர் இருக்கிறார். அங்கே எழுத்தாளன் என்பது தொழிற்பெயர். ஓலையில் எழுதுவதைத் தொழிலாகக் கொண்டவர் என்றே பொருள் கொள்கிறார்கள். பாட்டை இயற்றுபவர் புலவர். எழுத்தைக் கையாள்பவர் எழுத்தாளர். ஒருவரே இரண்டுமாக இருக்கலாம், ஆனால் வேலைகள் வேறு. பின்னால் அச்சும் பத்திரிகையும் வந்தபோது, எழுதுகிற கையைக் குறித்த சொல் இயற்றுகிற மனத்தைக் குறிக்கும் உயரத்துக்கு ஏறிவிட்டது.

அந்தப் பழைய பிரிவினை மறைந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். மாணவியின் கேள்விக்குப் பிறகு, சில ஆண்டுகளாக நான் எழுதிய மதிப்புரைகளை எடுத்து வைத்துப் படித்தேன். ஆண்களின் நாவல்களைப் பற்றி எழுதும்போது ‘படைக்கிறார்’, ‘கட்டமைக்கிறார்’, ‘உருவாக்குகிறார்’ என்று எழுதியிருந்தேன். பெண்களின் நாவல்களுக்கு வந்தால் வினைச்சொல் மாறுகிறது: ‘பதிவு செய்கிறார்’. வலியைப் பதிவு செய்கிறார், அடுக்களை வாழ்வைப் பதிவு செய்கிறார். பதிவு செய்வது யாருடைய வேலை? நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கும் கணக்கரின் வேலை. படைப்பை ஆணுக்கும் படியெடுப்பைப் பெண்ணுக்கும் பிரித்துக் கொடுத்தவள் நானே. அதுவும் பாராட்டுகிற நோக்கத்தோடு.

‘கருக்கு’ 1992இல் வந்தது. அதையும் நான் பதிவு என்றே சொல்லிவந்திருக்கிறேன். ஆனால் அந்த நூல் வாழ்க்கையை ஆண்டு வரிசையில் சொல்வதில்லை. ஒரே நிகழ்வுக்கு வேறுவேறு கோணங்களிலிருந்து திரும்பி வருகிறது. ஊர்ப் பேச்சை உரையாடலுக்குள் அடைக்காமல் கதைசொல்லும் மொழியாகவே வைக்கிறது. பனை மட்டையின் இரு பக்கமும் அறுக்கும் கருக்கைத் தலைப்பாக்குகிறது. இவை ஒவ்வொன்றும் ஓர் எழுத்தாளர் எடுத்த முடிவு. ‘பதிவு’ என்ற சொல் அந்த முடிவுகளை நம் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது.

வை.மு. கோதைநாயகியை நினைத்துக்கொள்கிறேன். பள்ளிக்குப் போகாதவர். தொடக்கத்தில் சரளமாக எழுத வராததால் தன் முதல் நாடகமான ‘இந்திர மோகனா’வைத் தோழி பட்டம்மாளிடம் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். சேந்தம்பூதனார் காலத்துப் பொருளில் அங்கே எழுத்தாளர் பட்டம்மாள்தான். கோதைநாயகி பிறகு எழுதக் கற்று, 1925 முதல் ‘ஜகன்மோகினி’யை நடத்தி, நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதினார். இலக்கிய வரலாறுகள் பல அவரை ஒரு வரியில் கடந்துபோகின்றன. பட்டம்மாளுக்கு அந்த வரியும் இல்லை. ஒருத்தி சொல்ல ஒருத்தி எழுதிய அந்த உழைப்புக்கு நம்மிடம் ஒரு பெயர்கூடக் கிடையாது.

அப்படியானால் ‘பெண்’ என்ற அடைமொழியை எடுத்துவிட்டு எல்லோரையும் எழுத்தாளர் என்றே சொல்லிவிடலாமா? எனக்கும் ஆசைதான். ஆனால் ‘ஆர்’ விகுதி செய்த இன்னொரு வேலை நினைவுக்கு வருகிறது. சங்கப் பெண்பாற் புலவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் அறிஞர்கள் ஆளுக்கொரு எண்ணிக்கை சொல்கிறார்கள். சில பெயர்களை வைத்து ஆணா பெண்ணா என்று முடிவு செய்ய முடியவில்லை. மரியாதை கொடுத்த அதே விகுதி ஆளை மறைத்தும்விட்டது. அடைமொழி போட்டால் ஒதுக்குகிறது, எடுத்தால் காணாமலடிக்கிறது.

இதற்கு ஒரே ஒரு சரியான சொல் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இப்போதைக்கு இரண்டு விதிகள் வைத்திருக்கிறேன். ஆணுக்குப் போடாத அடைமொழியைப் பெண்ணுக்குப் போடுவதில்லை. பாமா எங்கிருந்து எழுதுகிறார் என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஜெயகாந்தன் எங்கிருந்து எழுதினார் என்பதையும் சொல்வது. இரண்டாவது, ‘பதிவு செய்கிறார்’ என்று எழுதக் கை போனால், நிறுத்தி, அவர் என்ன செய்திருக்கிறார் என்று மறுபடி படிப்பது.

அடுத்த வகுப்பில் அந்த மாணவிக்கு அகநானூற்றின் 147ஆம் பாட்டைக் காட்டினேன். ஔவையார் பாடியது. தலைவனைத் தேடிப் புறப்பட நினைக்கும் தலைவி, தன்னைப் போல அலைந்த இன்னொரு பெண்ணை நினைக்கிறாள். அந்தப் பெண் ஒரு புலவர். அவரைப் புலவர் என்றோ பெண் என்றோ பாட்டு சொல்லவில்லை. ‘ஆர்’ விகுதிகூட இல்லை. வெள்ளிவீதி என்று பெயரை மட்டும் சொல்கிறது. கேட்பவருக்கு அவர் யாரென்று தெரியும் என்ற நம்பிக்கையோடு.