குறியிடம் யாருடையது?

கோவையிலிருந்து உதகைக்குப் போகும் சாலையில் இருக்கிறது காரமடை. அரங்கநாதரைப் பார்க்க வருகிறவர்கள், மலையேறப் போகிறவர்கள், மேட்டுப்பாளையத்தில் காலை மலை ரயிலைப் பிடிக்க வேண்டியவர்கள் என்று எந்நேரமும் யாராவது வழியில் இருந்துகொண்டே இருக்கும் ஊர். இப்படிப்பட்ட சாலைகளில் விடுதி என்றால் இரவு தங்கும் இடம் என்றுதான் நெடுங்காலம் பொருள் இருந்தது. இப்போது கைப்பேசிச் செயலிகள் அந்த அறையை மூன்று மணி நேரம், ஆறு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் என்று கூறுபோட்டு வாடகைக்கு விடுகின்றன. கூடவே ஓர் அடைமொழியும் வருகிறது: 'கப்பிள் ஃப்ரெண்ட்லி'. திருமணமாகாத ஆணும் பெண்ணும் வந்தாலும் கேள்வி கேட்கமாட்டோம் என்று அதற்கு அர்த்தம்.

இந்த அடைமொழியை ஒரு பிரதியைப் போல வாசித்துப் பார்க்கிறேன். 'இங்கே உங்களுக்கு அனுமதி உண்டு' என்று ஓரிடம் எழுதி வைக்கிறது என்றால், மற்ற இடங்களில் அனுமதி இல்லை என்பது எழுதாமலே விதியாகியிருக்கிறது. அந்த விதியை இயற்றியவர் யார்? சட்டமன்றமா, காவல் நிலையமா, விடுதி மேலாளரா, பக்கத்துத் தெருவா? விடை தேட நான் பாடம் நடத்தும் நூலிலிருந்தே தொடங்குகிறேன்.

தொல்காப்பியத்தின் களவியலில் காதலர் சந்திக்கும் இடத்துக்குக் குறி என்று பெயர். பகலில் சந்திப்பது பகற்குறி, இரவில் சந்திப்பது இரவுக்குறி. பகற்குறி வீட்டின் எல்லைக்கு வெளியே அமையும். இரவுக்குறி வீட்டுக்குள் இருப்பவர்களின் பேச்சு காதில் விழும் தூரத்திலேயே, மனையின் எல்லைக்குள் அமையும். வகுப்பில் இதை மாணவியர் சிரித்துக்கொண்டே எழுதிக்கொள்வார்கள். அடுத்து வரும் செய்தியில்தான் சிரிப்பு நிற்கும். இடத்தைக் குறிப்பிட்டுச் சொல்வது தலைவிக்கு உரியது என்கிறது தொல்காப்பியம். காரணமும் சொல்கிறது: தான் சென்று சேரக்கூடிய வழி எது என்பது அவளுக்குத்தான் தெரியும்.

இதை வைத்துச் சங்க காலப் பெண் சுதந்திரமாக வாழ்ந்தாள் என்று நான் சொல்ல வரவில்லை. அதே இலக்கணம்தான் இற்செறிப்பையும் பேசுகிறது. அலர் எழுந்ததும் பெண்ணை வீட்டுக்குள் அடைக்கிறது. ஆனால் அந்த மரபு ஒரு நடைமுறை உண்மையை ஒப்புக்கொண்டது. ஆணுக்கு எல்லா இடமும் இடம்தான். எந்த இடத்துக்குப் போய்த் திரும்ப முடியும் என்று கணக்குப் போட வேண்டியவள் பெண். ஆகவே இடத்தைத் தீர்மானிப்பதும் அவளாகத்தான் இருக்க வேண்டும். இன்றைய குறுநேர விடுதிகளை மதிப்பிட எனக்கு இதைவிட நல்ல அளவுகோல் தெரியவில்லை. அங்கே இடத்தைச் சுட்டுகிறவர் யார்?

2019ஆம் ஆண்டு இந்தக் கேள்வி கோவையிலேயே எழுந்தது. அந்த ஆண்டு ஜூன் மாதம் கோவையில் வாடகைக்கு அறைகள் விட்டுவந்த ஓர் அடுக்ககத்தில் அதிகாரிகள் சோதனை நடத்தி, கட்டடத்தைப் பூட்டி முத்திரையிட்டார்கள். சொல்லப்பட்ட காரணங்களில் இரண்டு: ஓர் அறையில் திருமணமாகாத ஆணும் பெண்ணும் தங்கியிருந்தார்கள், இன்னோர் அறையில் மது பாட்டில்கள் இருந்தன. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அதே ஆண்டு டிசம்பரில் நீதிபதி எம்.எஸ். ரமேஷ் தீர்ப்பளித்தார். திருமணமாகாத இருவர் விடுதி அறையில் விருந்தினராகத் தங்கக் கூடாது என்று சொல்லும் சட்டம் எதுவும் இல்லை. மணம் செய்யாமல் சேர்ந்து வாழ்வதே குற்றம் அல்ல எனும்போது அறையில் தங்குவது எப்படிக் குற்றமாகும் என்று கேட்டார். தனிநபர் வைத்துக்கொள்ள அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் மது வைத்திருப்பதும் குற்றமில்லை என்றார். முறையான வாய்ப்பு தராமல் பூட்டியது தவறு என்று சொல்லி முத்திரையை அகற்றவும் உத்தரவிட்டார்.

அந்தத் தீர்ப்புக்கு முன்னோடி ஒன்று உண்டு. அதுவும் தமிழ்நாட்டிலிருந்து போனதுதான். திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றி 2005இல் ஒரு பத்திரிகைக்குக் கருத்துச் சொன்னதற்காக நடிகை குஷ்பு மீது தமிழ்நாட்டின் பல ஊர்களில் இருபதுக்கும் மேற்பட்ட வழக்குகள் போடப்பட்டன. 2010இல் உச்ச நீதிமன்றம் அத்தனையையும் தள்ளுபடி செய்தது. வயதுவந்த இருவர் விருப்பத்தோடு சேர்ந்து வாழ்வது குற்றமல்ல என்பது அப்போதே தெளிவாகிவிட்டது. ஆனாலும் ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு கோவையில் ஒரு கட்டடம் பூட்டப்பட்டது. சட்டம் சொல்லாத விதியை ஊர் எவ்வளவு உறுதியாகச் செயல்படுத்துகிறது என்பதற்கு இது போதும்.

கோவைத் தீர்ப்பை நான் வரவேற்கிறேன். ஒரு விமர்சகியாக அதில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்றும் பார்க்கிறேன். வழக்குத் தொடுத்தது அடுக்ககத்தை நடத்திய நிறுவனம். அறையில் இருந்த பெண் வழக்கில் ஒரு தரப்பே அல்ல. அவள் அன்று எப்படி வீடு திரும்பினாள், வீட்டில் யாருக்கு என்ன பதில் சொன்னாள் என்பது எந்தப் பக்கத்திலும் வராது. வர வேண்டிய தேவையும் சட்டத்துக்கு இல்லை. மீட்கப்பட்டது ஒரு வணிகத்தின் உரிமை. அவளுடைய உரிமை அதன் நிழலில் வந்து சேர்ந்தது.

நிழலில் கிடைத்த உரிமை வெயில் நகர்ந்தால் நகர்ந்துவிடும். 2025 ஜனவரியில் ஓயோ நிறுவனம் உத்தரப்பிரதேசத்தின் மீரட் நகரில் தன் விடுதிகளுக்குப் புதிய விதி கொண்டுவந்தது: ஆணும் பெண்ணும் சேர்ந்து வந்தால் உறவுக்குச் சான்று காட்ட வேண்டும், உள்ளூர் உணர்வுகளைக் கருதி அறை மறுக்கும் அதிகாரம் விடுதிக்கு உண்டு. திருமணமாகாதவர்களும் தங்கலாம் என்று சொல்லித் தன் வாடிக்கையாளர்களைப் பெருக்கிக்கொண்ட நிறுவனம் அது. இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. நிறுவனத்தின் அறிவிப்பே போதுமானதாக இருந்தது. சந்தை நமக்குத் தருவது உரிமை இல்லை, சேவை. சேவையை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம்.

ஜப்பானில் காதலர் விடுதிகள் பல பத்தாண்டுகளாக இயங்குகின்றன. 'ஓய்வு' என்று சில மணி நேரத்துக்கு ஒரு விலை, 'தங்கல்' என்று இரவுக்கு ஒரு விலை. பல விடுதிகளில் பலகையில் ஒளிரும் படங்களைப் பார்த்து அறையைத் தேர்ந்துகொள்ளலாம். ஊழியரின் முகத்தையே பார்க்க வேண்டியதில்லை. நம் ஊரில் முதல் வேலையே ஆதார் அட்டையை வாங்கி நகல் எடுப்பது. பாதுகாப்புக்காக அடையாளம் கேட்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த அட்டையில் அப்பா பெயர் இருக்கும், ஊர் இருக்கும், தெரு இருக்கும். கொங்கு நாட்டில் ஊரையும் தெருவையும் படிக்கத் தெரிந்தவருக்குச் சாதியைப் படிக்கத் தெரியும். அந்த நகல் எந்த மேசை அறையில் கிடக்கிறது, யார் எடுத்துப் பார்க்கிறார்கள் என்று கேட்க நமக்கு வழியில்லை.

இது வீண் பயம் அல்ல. 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலில் கோகுல்ராஜ் என்ற தலித் இளைஞர் தன்னோடு படித்த, வேறு சாதியைச் சேர்ந்த பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தார். அங்கிருந்து கடத்தப்பட்ட அவருடைய உடல் மறுநாள் ரயில் தண்டவாளத்தில் கிடந்தது. கோயிலின் கண்காணிப்புக் கேமராப் பதிவு வழக்கில் முக்கியச் சான்றானது. 2022இல் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அவர்கள் போனது விடுதிக்கு அல்ல. பலரும் வந்து போகும் கோயிலுக்குப் பட்டப்பகலில் போனார்கள். பாதி பெண்ணாக நிற்கும் கடவுளின் சன்னிதியில்கூட ஒரு பெண்ணும் ஆணும் நின்று பேச இடமில்லாமல் போனது. சங்கப் பாடல்களில் அலர் தூற்றுவது ஊர்ப் பெண்களின் வாய். இங்கே சாதி அமைப்பே அலராகி, வண்டியில் வந்து இறங்குகிறது.

ஆகவே 'இதெல்லாம் ஒழுக்கக் கேடு' என்று பேசுகிறவர்களிடம் நான் ஒழுக்கம் பற்றி வாதாடுவதில்லை. இங்கே காவல் காக்கப்படுவது ஒழுக்கமல்ல, சாதி. அந்தக் காவலுக்கான வேலி பெண்ணுடல். மூடிய கதவு அவர்களை உறுத்துவதற்குக் காரணம், அதற்குப் பின்னால் யாரோடு யார் என்பதை அவர்களால் தீர்மானிக்க முடியாது என்பதே.

நீரஜ் கேவான் இயக்கிய 'மசான்' (2015) என்ற இந்திப் படத்தின் தொடக்கப் பகுதியிலேயே ஒரு விடுதி அறை வருகிறது. காவலர்கள் கதவை உடைத்து நுழைகிறார்கள். தேவி என்ற அந்தப் பெண்ணை மிரட்டிக் கைப்பேசியில் படம் பிடிக்கிறார்கள். பிறகு காவல் அதிகாரி அவளுடைய தந்தையிடம் பணம் பறிக்கிறார். அவள் செய்தது குற்றமா இல்லையா என்பது அந்த அதிகாரிக்குத் தேவையே இல்லை. 'உன் அப்பாவுக்குச் சொல்வேன்' என்பதுதான் அவர் கையில் இருக்கும் சட்டப் புத்தகம். படத்தை மாணவியரோடு விவாதித்தபோது கதை காசியில் நடக்கிறது என்று யாருமே சொல்லவில்லை.

இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கருத்தரங்குக்காக வெளியூர் போயிருந்தேன். மதியம் ஓய்வெடுத்து மாலையில் கட்டுரை வாசித்துவிட்டு இரவுப் பேருந்தைப் பிடிக்க வேண்டும். பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த விடுதியில் அறை கேட்டேன். வரவேற்பில் இருந்த தம்பி என் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கூட யாரும் வர்லீங்களா மேடம்? தனியா வர்ற லேடீஸுக்கு ரூம் குடுக்கறதில்லீங்க" என்றார். ஆணோடு வந்தால் சந்தேகம், ஆணில்லாமல் வந்தால் அதைவிடப் பெரிய சந்தேகம். அந்த மதியத்தைப் பேருந்து நிலையத்துச் சிமெண்டுத் திண்ணையில் கழித்தேன்.

அதனால்தான் 'கப்பிள்' என்ற சொல் எனக்குப் போதவில்லை. மூன்று மணி நேர அறை காதலருக்கு மட்டும் தேவைப்படுவதல்ல. மாசி மகத் தேருக்குக் குழந்தையோடு வருகிறவள் பாலூட்ட வேண்டும். இரவுப் பயணம் முடித்து நேர்காணலுக்குப் போகிறவள் குளித்து உடை மாற்ற வேண்டும். மாதவிடாய் நாளில் பயணம் செய்கிறவளுக்குச் சுத்தமான கழிப்பறையும் ஒரு மணி நேரப் படுக்கையும் வேண்டும். காதலிக்கும் இரண்டு பெண்களுக்கும் அறை வேண்டும். வயதுவந்த ஒருபாலினத்தவர் விருப்பத்தோடு சேர்ந்திருப்பதை 2018க்குப் பிறகு சட்டமே குற்றம் என்று சொல்வதில்லை. கூட்டுக் குடும்பத்தில் ஒற்றை அறை வீட்டில் வாழும் கணவன் மனைவிக்கும் வேண்டும். அட்டையில் மனைவியின் முகவரி தாய்வீட்டு முகவரியாகவே இருந்தால் அவர்களிடமும் தாலியைக் காட்டச் சொல்லும் விடுதிகள் உண்டு.

பயணம் செய்யும் பெண்கள் சிலவற்றை மனத்தில் வைத்துக்கொள்ளலாம். இருவருக்கும் 18 வயது நிறைந்திருக்க வேண்டும்; ஆளுக்கொரு அடையாள அட்டை வேண்டும். திருமணச் சான்று கேட்க எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் தனியார் விடுதி தன் விதி என்று சொல்லி அறை மறுக்கக்கூடும். ஆகவே பணம் கட்டுவதற்கு முன்பே தொலைபேசியில் கேட்டு, உள்ளூர் முகவரி உள்ளவர்களை ஏற்பார்களா என்றும் உறுதி செய்துகொள்வது நல்லது. முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட ஆதாரை ஆதார் ஆணையமே தருகிறது; நகல் கேட்டால் அதைக் கொடுக்கலாம். அறைக்குள் போனதும் தாழ்ப்பாள், கண்ணாடி, விளக்கு, புகையுணர் கருவி ஆகியவற்றைப் பாருங்கள். மறைவாகப் படம் எடுப்பது தண்டனைக்குரிய குற்றம். விபசாரத் தடுப்புச் சட்டம் என்று பேச்சுவழக்கில் சொல்லப்படும் 1956ஆம் ஆண்டுச் சட்டம், விருப்பத்தோடு சேர்ந்திருக்கும் வயதுவந்தவர்களுக்கானது அல்ல. விதிவிலக்கான சூழலில் தவிர, சூரியன் மறைந்த பிறகும் உதிக்கும் முன்பும் பெண்ணைக் கைது செய்யக் கூடாது. அப்படிச் செய்வதானாலும் பெண் அதிகாரியும் நடுவரின் முன் அனுமதியும் வேண்டும். 112, 181 ஆகிய எண்கள் கைப்பேசியில் இருக்கட்டும். எங்கே போகிறோம் என்பது நம்பிக்கையான ஒரு தோழிக்காவது தெரிந்திருக்கட்டும்.

'தோழி' என்ற சொல்லை யோசித்துத்தான் எழுதுகிறேன். தமிழ்நாடு அரசு பணிபுரியும் மகளிருக்காக நடத்தும் விடுதிகளுக்குத் தோழி என்று பெயர். நல்ல திட்டம், நல்ல பெயர். அகப்பாடல்களில் தோழியின் வேலை தலைவியைப் பூட்டி வைப்பதல்ல. குறியிடத்துக்கு அழைத்துப் போவாள். காவலின் கடுமையை எடுத்துச் சொல்லி எச்சரிப்பாள். தலைவனை நிறுத்திக் கேள்வி கேட்பாள். தலைவியின் விருப்பத்தைச் செவிலியிடம் வாதாடி ஏற்கச் செய்வாள். பெண்ணின் பாதுகாப்பையும் விருப்பத்தையும் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்தாத உறவு அது.

குறுநேர அறைகளிடமும் அவற்றை ஒழுங்குபடுத்தும் அரசிடமும் நான் எதிர்பார்ப்பது அந்த உறவைத்தான். தனியாக வரும் பெண்ணுக்கு அறை மறுப்பதைத் தடுக்கும் விதி வேண்டும். அடையாள நகலை எத்தனை நாள் வைத்திருக்கலாம், யார் பார்க்கலாம் என்று வரையறை வேண்டும். பேருந்து நிலையங்களில் மணிக்கணக்கில் கிடைக்கும் பெண்களுக்கான அறைகள் வேண்டும். இவற்றைக் கேட்கும்போது 'எதற்கு' என்று திருப்பிக் கேட்பார்கள். களம் சுட்ட வேண்டியவள் பெண் என்று விதித்த இலக்கணம், 'எதற்கு அங்கே?' என்று அவளிடம் காரணம் கேட்கவில்லை.