‘டேக் ஆஃப்’புக்கு எதிர்ச்சொல் எது?

‘டேக் ஆஃப்’ என்பதன் எதிர்ச்சொல் என்ன என்று கேட்டால், ‘லேண்ட்’ என்று சட்டென விடை வரும். விமானத்தைப் பொறுத்தவரை அது சரி. சட்டையைக் கழற்றுவதற்கும் விலையில் பத்து ரூபாய் குறைப்பதற்கும் அதே ‘டேக் ஆஃப்’தான், அங்கே ‘லேண்ட்’ உதவாது. இப்படி வினையும் சிறுசொல்லும் சேர்ந்து தனிப்பொருள் தரும் தொடருக்கான ‘ஃப்ரேசல் வெர்ப்’ என்ற பெயர் 1925-ல் லோகன் பியர்சால் ஸ்மித்தின் நூல் வழியாக அச்சேறியது. இந்த வகை வினைகளுக்கு எதிர்ச்சொல் காண மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன.

முதல் வழி, வினையோடு ஒட்டிய சிறுசொல்லைத் திருப்பிப் போடுவது. ‘ஸ்விட்ச் ஆன்’, ‘ஸ்விட்ச் ஆஃப்’ என்ற அளவில் இது கச்சிதம். வால்யூமைக் குறைக்க ‘டர்ன் டவுன்’, கூட்ட ‘டர்ன் அப்’. ஆனால் வந்த வேலையை மறுப்பதும் ‘டர்ன் டவுன்’தான். அதைத் திருப்பினால் கிடைக்கும் ‘டர்ன் அப்’புக்கு வந்து நிற்பது என்று பொருள், ஏற்றுக்கொள்வது என்றல்ல. விளக்கு ‘கோ ஆஃப்’ ஆனால் அணைகிறது. அலாரம் ‘கோ ஆஃப்’ ஆனால் அலறுகிறது. பால் ‘கோ ஆஃப்’ ஆனால் கெட்டுப்போகிறது. இம்மூன்றுக்கும் ‘கோ ஆன்’ எதிராகுமா?

இரண்டாவது, ‘டேக் ஆஃப்’பின் எதிர்ச்சொற்கள் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் அடுக்குவது: புட் ஆன், லேண்ட், ஆட், ஃபெயில். விவரம் தெரிந்தவருக்கு இது நினைவூட்டல். புதிதாகப் படிப்பவரோ விமானத்துக்குப் ‘புட் ஆன்’ எழுதிவிடுவார். பட்டியலில் அவரைத் தடுக்க எதுவுமில்லை.

மூன்றாவது, பொருள்வாரியாகப் பிரிப்பது. உடைக்கு ‘புட் ஆன்’. செய்ததை மீட்டுப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் எதிர் இது. விமானத்துக்கு ‘லேண்ட்’, இது திசை எதிர். விலைக்கு ‘ஆட்’. வியாபாரம் ‘டேக் ஆஃப்’ ஆவது விமானத்திலிருந்து வந்த உருவகம். ஆனாலும் நொடித்த கடை ‘லேண்ட்’ ஆனதாக ஆங்கிலத்தில் சொல்வதில்லை, ‘ஃபெயில்’ என்பார்கள். உருவகம் பெயர்ந்து வந்தாலும் எதிர்ச்சொல் கூடவே வரவில்லை என்பதுதான் இங்கே கவனிக்கவேண்டியது. ஒருவரைப் போல நடித்துக் காட்டுவதும் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ‘டேக் ஆஃப்’. மிமிக்ரிக்கு ஏது எதிர்? அந்த இடம் காலியாகவே இருக்கட்டும்.

இதற்கு ஓர் ஆட்சேபம் உண்டு. பொருள்களின் எல்லை தெளிவானதல்ல. ஓர் அகராதி ஐந்தாகப் பிரிப்பதை இன்னொன்று எட்டாகப் பிரிக்கலாம். நியாயம்தான். ஆனால் வாக்கியம் கைவசம் இருந்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீரும். சட்டை என்ற செயப்படுபொருள் வந்தால் ஒரு பொருள், விமானம் எழுவாயாக வந்தால் வேறொரு பொருள்.

பொருள் பொருந்தினால் மட்டும் போதாது, வழக்கும் பொருந்தவேண்டும். பிரின்ஸ்டனில் உருவான வேர்ட்நெட் என்னும் சொல்தொகுதி, எதிர்மையைக் கருத்துகளுக்கு இடையே அல்ல, சொற்களுக்கு இடையே உள்ள உறவாக வைத்தது. ‘ரைஸ்’ஸுக்கு இணை ‘ஃபால்’, ‘அசெண்ட்’டுக்கு ‘டிசெண்ட்’. மாற்றிக் கோத்தால் பொருள் எதிராகவே இருக்கும், ஆனால் சோடி சேராது. அதனால்தான் சட்டையை ‘டேக் ஆஃப்’ செய்வதற்கு எதிராக உடுத்துவதைக் குறிக்கும், ஏட்டுவாசனை வீசும் ‘டான்’ பொருந்தாது. ‘புட் ஆன்’தான் பொருந்தும்.

தேவையான சோடி கைக்கு வராவிட்டால் பேசுபவர்களே உண்டாக்கிக்கொள்வதும் உண்டு. ‘புட் ஆஃப்’ என்பதன் ஒத்திவைத்தல் என்ற பொருளுக்கு எதிராகப் பிரிட்டிஷார் ‘பிரிங் ஃபார்வர்ட்’ என்பார்கள். இந்தியர்களாகிய நாமோ ‘போஸ்ட்போன்’ அச்சில் வார்த்த ‘ப்ரிபோன்’ என்ற சொல்லை அலுவலகமெங்கும் புழங்கவிட்டோம். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியும் அதை ஏற்றுக்கொண்டது. அதுகூட அந்த ஒரு பொருளுக்கு மட்டுமே எதிர். ஒருவரின் பேச்சு நம்மைப் ‘புட் ஆஃப்’ செய்தால், அதாவது முகம் சுளிக்கவைத்தால், ‘ப்ரிபோன்’ உதவிக்கு வராது.

ஆகவே, மூன்றில் பொருள்வாரி வழியே தேறுகிறது. முதல் வழியை ஊகத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம், இரண்டாவதைக் கைவிடலாம். வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வாக்கியம் தராமல் ஃப்ரேசல் வெர்புக்கு எதிர்ச்சொல் கேட்காதீர்கள்.