மண்வெட்டிக்கு ஒரு கணை

எங்கள் நாஞ்சில் நாட்டின் பெயரில் வரும் நாஞ்சில் என்றால் கலப்பை. அந்தக் கலப்பையை டிராக்டர் வயலைவிட்டு விரட்டி வெகுகாலமாகிறது. மண்வெட்டி மட்டும் அசையவில்லை. பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் கால்வாயில் வந்ததும் மடை திறக்கவும் வரப்பு சீவவும் அதுதான் வேண்டும்.

கும்பப்பூப் பருவ நெல் நடவுக்கு வரப்பு சீவும்போது அப்பாவின் மண்வெட்டிக் கணை, அதாவது மரப்பிடி, முறிந்தது. கடையில் வாங்கிய புதுக்கணை, கடைந்தெடுத்த சுத்த வட்டம். எங்கள் இரும்பின் துளையோ தேய்ந்து முட்டை வடிவாகியிருந்தது. சைக்கிள் டியூப்பைச் சுற்றி இறுக்கினேன். நாலாவது வெட்டில் தலை தனியே கழன்று சேற்றில் விழுந்தது.

உலை வைத்திருக்கும் கொல்லாசாரியிடம் கொண்டுபோனேன். “பழைய உருப்படில்லா தம்பி, கடக்கணை நிக்காது” என்றார். காய்ந்த புளியங்கொம்பை எடுத்து, துளையில் வைத்துப் பார்த்து, சீவி, மறுபடி பார்த்து... ஏழெட்டு முறை. அளவுகோலைத் தொடவே இல்லை. பிறகு ஆப்பு. பச்சைக் கம்பு காயும்போது சுருங்கி ஆடும், அதனால்தான் காய்ந்தது.

தேய்ந்த அலகுக்கு லாரி வில்லுப்பட்டையில் ஒரு துண்டை உலையில் காய்ச்சி ஒட்டினார். தோய்ச்சல்தான் நுட்பம்: கூடினால் விளிம்பு உடையும், குறைந்தால் கல்லில் பட்டு மடங்கும். நிறம் பார்த்தே தண்ணீரில் முக்கினார்.

எனக்கு அது புது மண்வெட்டியைவிட ஒரு படி மேல். உங்கள் வீட்டுப் பழையதை எடைக்குப் போடுமுன், பக்கத்தில் எங்காவது உலை எரிகிறதா என்று விசாரியுங்கள்.