635 மி.மீ. வட்டத்துக்குள்

டாட்சன் 240இசட் பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டிய கார். நீண்ட மூக்கு, பின்னச்சுக்குப் பக்கமாகத் தள்ளி வைத்த இருக்கைகள், அங்கிருந்து வால்வரை ஒரே சரிவாக இறங்கும் கூரை. யோஷிஹிக்கோ மட்சுவோவின் குழு வரைந்த இந்த இரண்டு இருக்கைக் கூபே, 1969-இல் ஜப்பானில் ஃபேர்லேடி இசட் என்ற பெயரோடும், அடுத்த ஆண்டு அமெரிக்காவில் 240இசட் என்ற பெயரோடும் வந்தது. உடம்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கண் கீழே இறங்கும்போதுதான் இடறுகிறது. தாராளமான மட்கார்டு வளைவுக்குள் 14 அங்குல இரும்பு ரிம். அதன் அகலம் வெறும் நாலரை அங்குலம். மேலே 175 மி.மீ. டயர். சக்கரம் உடம்பின் விளிம்புவரை வராமல் உள்ளே ஒடுங்கி நிற்கிறது.

காரணம் புரியாததல்ல. அமெரிக்காவில் இந்தக் கார் வந்து இறங்கியபோது விலை 3,526 டாலர். அந்த விலைக்கு 2.4 லிட்டர் ஆறு சிலிண்டர் இன்ஜின், நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன், முன்னால் டிஸ்க் பிரேக் எல்லாம் கொடுத்தாயிற்று. எங்காவது மிச்சம் பிடிக்க வேண்டும் அல்லவா? அழகான சக்கரம் போடத் தெரியாதவர்கள் அல்ல அவர்கள். ஜப்பானுக்குள் மட்டும் விற்ற இசட்432 என்ற உயர்ரகத்துக்குக் கோபே ஸெய்க்கோ வார்த்த மக்னீசியம் சக்கரங்களைக் கொடுத்தார்கள். அதைப் பார்த்த பிறகு இரும்பு ரிம் பாதியில் நிறுத்திய வேலையாகத்தான் தெரியும். இசட் பிரியர்கள் அரை நூற்றாண்டாக அந்த மீதி வேலையைச் செய்துகொண்டிருக்கிறார்கள். அதைச் சரியாகச் செய்வதற்கு ஒரு ரசனை வேண்டும். கொஞ்சம் கணக்கும் வேண்டும்.

கணக்கை முதலில் முடித்துவிடலாம். பழைய 175 டயரைத் தரையில் நிறுத்தி அளந்தால் உயரம் ஏறக்குறைய 635 மி.மீ. வரும். ஸ்பீடோமீட்டர், கியர் விகிதம், மட்கார்டு வளைவு, தரைக்கும் காரின் அடிவயிற்றுக்கும் உள்ள இடைவெளி எல்லாமே இந்த எண்ணை நம்பி அமைந்தவை. ஆகவே பெரிய சக்கரம் என்று நாம் சொல்வது உண்மையில் பெரிய ரிம்தான். வெளிவட்டம் அப்படியே இருக்க வேண்டும். ரிம் வளர வளர ரப்பர் மெலிய வேண்டும். வெளிவட்டம் காரை வரைந்தவர்களுக்குச் சொந்தம். அதற்குள் உலோகத்துக்கு எவ்வளவு, ரப்பருக்கு எவ்வளவு என்று பங்கு பிரிப்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது.

டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எண்கள் இந்தப் பங்கீட்டைத்தான் சொல்கின்றன. 205/60 ஆர்15 என்றால் அகலம் 205 மி.மீ., பக்கச்சுவர் அதில் 60 சதவீதம், அதாவது 123 மி.மீ., ரிம் 15 அங்குலம். இரண்டு பக்கச்சுவரையும் ரிம்மையும் கூட்டினால் 627 வருகிறது. அதே வழியில் 195/70 ஆர்14 டயருக்கு 629. 205/55 ஆர்16 என்றால் 632. 225/45 ஆர்17 என்றால் 634. நான்கும் பழைய 635-க்குப் பக்கத்திலேயே நிற்கின்றன. ஆனால் பக்கச்சுவரின் உயரம் 136, 123, 113, 101 என்று படிப்படியாக இறங்குகிறது. காரின் குணம் மாறுவது இந்தப் படிகளில்தான்.

14 அங்குலத்தில் ரிம்மை மட்டும் அகலமாக்கி 195/70 போடுவது மிகப் பழைய வழி. பார்ப்பவர்களுக்கு மாற்றம் சட்டென்று தெரியாது, ஓட்டுபவருக்குத் தெரியும். அசல் தோற்றத்தை விட்டுக்கொடுக்காதவர்கள் இங்கேயே நின்றுவிடுகிறார்கள், அதில் ஒரு கௌரவம் இருக்கிறது. அடுத்த படியான 15-ல் ஆரங்களுக்கு நீளம் கிடைக்கிறது. சக்கரம் முதன்முறையாக வளைவை நிரப்பத் தொடங்குகிறது. ஆனாலும் ரப்பர் இன்னும் பருத்தே தெரிகிறது. பழைய கார் என்பதற்கு அந்தப் பருமன் ஓர் அடையாளம். 16-ல் கார் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்ததுபோல் தெரியும். 17-ல் கண் முதலில் போய் விழுவது சக்கரத்தின் மீது. கூரைச் சரிவெல்லாம் அதற்குப் பிறகுதான்.

17 அங்குலத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு. இந்தக் காரின் முன் டிஸ்க் 270 மி.மீ. சொச்சம்தான், பின்னால் இருப்பது டிரம். விரிந்த ஆரங்களுக்கு நடுவே அந்தச் சின்ன டிஸ்க்கும் டிரம்மும், அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்ட தம்பி மாதிரி நிற்கும். ஆகவே 17-க்குப் போனவர் அங்கே நிற்க முடியாது. அடுத்துப் பெரிய பிரேக், அப்புறம் அதற்கேற்ற சஸ்பென்ஷன் என்று இழுத்துக்கொண்டே போகும். அதுவும் ஒரு ரசனைதான். ஆனால் அது வேறொரு காரைக் கட்டும் ரசனை.

உயரத்துக்கு அடுத்தது அகலம். இங்கேதான் பலருடைய பணம் வீணாகிறது. ரிம்மின் அகலத்தை மட்டும் கேட்டு வாங்குவது பாதி விசாரணை. அந்த அகலத்தில் எவ்வளவு காரின் உள்பக்கம் போகிறது, எவ்வளவு வெளியே வருகிறது என்பது மீதி. அதைச் சொல்வதுதான் ஆஃப்செட். சக்கரத்தை ஹப்பில் பொருத்தும் முகம் ரிம்மின் நட்டநடுவே இருந்தால் ஆஃப்செட் பூஜ்யம். முகம் வெளிப்பக்கம் நகர்ந்திருந்தால் அது கூட்டல் எண். சக்கரம் உள்ளே போகும். உள்பக்கம் நகர்ந்திருந்தால் கழித்தல். சக்கரம் வெளியே வரும், ரிம்மின் முன்விளிம்பு ஆழமான கிண்ணமாகத் தெரியும். இன்றைய முன்சக்கர இயக்கக் கார்களுக்கு வார்க்கும் சக்கரங்களில் பெரும்பாலானவை பெரிய கூட்டல் எண் உள்ளவை. 114.3 மி.மீ. வட்டத்தில் நான்கு போல்ட் என்ற கணக்கு இசட்டோடு ஒத்துப்போனாலும், அவற்றை மாட்டினால் உள்ளே சஸ்பென்ஷனின் ஸ்ட்ரட் குழாயில் இடிக்கும். ஸ்பேசர் வைத்துச் சமாளிக்கலாம் என்பார்கள். போல்ட்டின் நீளம் போதுமா என்று பார்க்காமல் ஸ்பேசர் வைப்பது உயிரோடு விளையாடுவது.

240இசட்டில் முன்னும் பின்னும் ஸ்ட்ரட் வகை சஸ்பென்ஷன். ஸ்பிரிங்கைத் தாங்கும் வட்டத் தட்டு, ஸ்ட்ரட் குழாயை விட அகலமாக டயரின் உள்தலைக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். டயர் உயரமாகவும் உள்பக்கம் தடித்தும் இருந்தால் முதலில் அங்கே உரசும். வெளிப்பக்கம் பின் மட்கார்டின் மடிப்பு. முன்னால் ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது மட்கார்டின் கீழ்முனை. இந்த மூன்று எல்லைகளுக்குள் தகட்டை வெட்டாமல், மடிக்காமல் நிம்மதியாக உட்காருவது 15 அங்குல உயரம், 7 அங்குல அகலம், பூஜ்ய ஆஃப்செட் கொண்ட சக்கரம். இசட் வைத்திருப்பவர்கள் மத்தியில் இது ஏறக்குறைய மனப்பாடமான அளவு. உள்ளுக்கு 89 மி.மீ., வெளிக்கு 89 மி.மீ. என்று இரண்டு பக்கமும் சமமாகப் பிரிந்து, டயரின் முகம் மட்கார்டின் விளிம்போடு ஒட்டி நிற்கிறது. 1971-இல் ஜப்பானில் வந்த 240இசட்ஜி மட்கார்டுகளின் மேல் தனியாகப் பொருத்திய அகலப்பட்டைகளோடு வந்ததால், அந்த உடம்பில் இன்னும் அகலமான சக்கரத்துக்கு இடம் உண்டு. சாதாரண உடம்பில் அதே அகலத்தைத் திணிப்பவர்கள் பின் மட்கார்டைத் தட்டி மடிக்க வேண்டிவரும்.

ஸ்ட்ரட் சஸ்பென்ஷனுக்கு ஒரு சுபாவம் உண்டு. வளைவில் உடம்பு சாயும்போது வெளிப்பக்க டயரை நிமிர்த்தித் தரையில் படியவைக்க அது அவ்வளவாக உதவாது. உயரமான பக்கச்சுவர் அந்தக் குறையைத் தானே நெளிந்து சரிக்கட்டிவிடும். அகலமான, தட்டையான டயருக்கு நெளிய இடமில்லை. அதனால் ஓர் ஓரத்தில் மட்டும் பாரம் ஏறும். தட்டை டயர் போட்டவர்கள் ஸ்பிரிங்கை இறுக்கி, சக்கரத்தின் மேல்பக்கத்தைச் சற்று உள்ளே சாய்த்து அலைன்மென்ட் செய்வது இதற்காகத்தான். பவர் ஸ்டியரிங் இல்லாத கார் என்பதையும் மறக்கக்கூடாது. சக்கரத்தை வெளியே தள்ளத் தள்ள, பார்க்கிங்கில் கைக்குப் பாரம் கூடும். சாலையின் ஒவ்வொரு பள்ளமும் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுக்கும். எடையும் அப்படித்தான். கார் முழுவதுமே சுமார் ஒரு டன். அதில் சக்கரத்துக்குச் சில கிலோ கூடினாலும் உடனே தெரியும். ரிம் பெரிதாகும்போது எடை நடுவிலிருந்து விளிம்புக்கு நகர்கிறது. உருட்டவும் நிறுத்தவும் இன்ஜினும் பிரேக்கும் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது.

சக்கரத்தின் முகத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பொழுது போவது தெரியாது. 1968-இல் யோகோஹாமாவில் தொடங்கிய ஆர்எஸ் வதனபேயின் எட்டு ஆரச் சக்கரம்தான் என் பட்டியலில் முதல். தடித்த எட்டு ஆரங்கள், மங்கிய சாம்பல் நிறம், பகட்டே கிடையாது. ‘இனிஷியல் டி’ அனிமே பார்த்த இளைஞர்கள் இதே சக்கரத்தை டொயோட்டா ஏஇ86-ல் பார்த்திருப்பார்கள். இசட்டின் உடம்பில் கோடுகள் அதிகம். அவற்றுக்கு நடுவே நகை வேலைப்பாடு போன்ற சக்கரம் தேவையில்லை என்பதை வதனபே புரிந்துகொண்டதுபோல் இருக்கும். பனாஸ்போர்ட்டின் சக்கரமும் எட்டு ஆரம்தான். ஆனால் அதன் மூதாதை பிரிட்டிஷ் பந்தயக் கார்களின் மினிலைட். ஆரங்கள் சற்று மெல்லியவை, விளிம்பு பளபளக்கும். வெள்ளை இசட்டுக்கு அது பொருந்தும் அளவுக்குக் கரும்பச்சைக்குப் பொருந்தாது என்பது என் எண்ணம். எஸ்எஸ்ஆர் மூன்று துண்டுகளாகச் செய்து போல்ட்டால் இணைக்கும் சக்கரங்களில் அகலத்தையும் ஆஃப்செட்டையும் வேண்டியபடி அமைத்துக்கொள்ளலாம். ஆனால் ஆழமான பளபளக்கும் கிண்ணத்தின் மேல் ஆசை வந்துவிட்டால் கை நிற்காது. பின்சக்கரம் அகன்றுகொண்டே போகும்.

பெரியதுதான் வேகமானது என்று நம்புபவர்களுக்குக் கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ராலி நல்ல மருந்து. 1971-இல் எட்கர் ஹெர்மனும், 1973-இல் கம்பாலாவில் பிறந்த இந்திய வம்சாவளி ஓட்டுநர் ஷேகர் மேத்தாவும் 240இசட்டில்தான் வென்றார்கள். சேறும் கல்லும் புழுதியும் நிறைந்த அந்தப் பாதையில் காரைக் காப்பாற்றியது பருத்த பக்கச்சுவர். அதே காலகட்டத்தில் அமெரிக்கப் பந்தயத் தளங்களில் பீட் பிராக்கின் அணிக்காக ஜான் மார்டன் 1970, 1971 என இரண்டு முறை தேசியப் பட்டம் வென்றதும் 240இசட்டில்தான்; அங்கே தேவைப்பட்டது தாழ்ந்த உடம்பும் அகலமான ரப்பரும். கார் ஒன்று, தரை வேறு, சக்கரம் வேறு. நீங்கள் ஓட்டப்போகும் சாலை எது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அளவு தானே வந்து சேரும்.

டயர் வாங்குவதில் இன்று ஒரு விசித்திரம். 15 அங்குலத்தில் நல்ல ஸ்போர்ட்ஸ் டயர் அதிகம் கிடைப்பது 205/50-ல். மாஸ்டா மியாட்டா ஓட்டுபவர்கள் புண்ணியம். ஆனால் அதன் உயரம் 586 மி.மீ.தான். இசட்டில் மாட்டினால் கார் 25 மி.மீ. தாழும், டயருக்கு மேலே இடைவெளி வாயைப் பிளக்கும், ஸ்பீடோமீட்டர் எட்டு சதவீதம் கூட்டிக் காட்டும். 205/60-ல் தேர்வு குறைவு என்றாலும் அதைத் தேடி வாங்குவதே சரி. அதிவேக ரப்பர்தான் வேண்டும் என்பவர்கள் 16-க்குப் போக இது ஒன்றே நியாயமான காரணம். எந்த அளவானாலும் பக்கச்சுவரில் இருக்கும் நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2319 என்றால் 2019-இன் 23-வது வாரத்தில் செய்தது. அபூர்வ அளவுகள் கிடங்கில் வருடக்கணக்கில் தூங்கியிருக்கும். பட்டன்கள் ஆழமாக இருந்தாலும் ரப்பர் கிழடாகியிருக்கலாம்.

நான்கையும் மாட்டுவதற்கு முன் ஒன்றை மட்டும் மாட்டிப் பார்ப்பது நல்ல வழக்கம். ஸ்பிரிங்கைக் கழற்றி, ஜாக்கியால் சக்கரத்தை மேலே தூக்கி, ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பினால் உரசும் இடமெல்லாம் தானே காட்டிக்கொடுக்கும். காரை நிறுத்திவைத்துப் பார்த்து ‘இடம் இருக்கிறது’ என்பவர்கள் முதல் பள்ளத்தில் ஏமாறுவார்கள். மாட்டிய பிறகு நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நட்டுகளை ஒருமுறை முறுக்கிப் பார்ப்பதும் கட்டாயம்.

ஆக என் தீர்ப்பு 15-க்கு 7, பூஜ்ய ஆஃப்செட், 205/60. பழமைப் பற்றால் சொல்லவில்லை. 14-ல் ரப்பரின் பங்கு அதிகம். ஸ்டியரிங் திருப்பியதற்கும் மூக்கு திரும்புவதற்கும் நடுவே ஒரு சோம்பல் இருக்கும். 17-ல் உலோகத்தின் பங்கு அதிகம். அந்தச் சோம்பலோடு சேர்ந்து சாலையுடன் இருந்த இணக்கமும் போய்விடும். 15-ல் சஸ்பென்ஷனும் ஸ்டியரிங்கும் அவற்றை வடிவமைத்தவர்கள் எதிர்பார்த்த மாதிரியே வேலை செய்கின்றன, ஆனால் இன்னும் கூர்மையாக. தகட்டில் கைவைக்க வேண்டியதில்லை, பிரேக் வெட்கப்பட வேண்டியதில்லை. கழற்றிய இரும்பு ரிம்களைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாமல் வைத்திருங்கள். அடுத்த உரிமையாளருக்கு வேறு ரசனை இருக்கலாம்; அதற்கும் வழிவிடுவதுதான் பழைய கார் வைத்திருப்பவர்களின் மரியாதை.